காரணத்துக்குக் கூலி

"எல்லா மெக்கானிக்கும் திருடன்" என்று சொல்லாத கார் சொந்தக்காரர் ஒருவரையாவது நீங்கள் சந்தித்திருக்கிறீர்களா? நான் சந்தித்ததில்லை. கல்யாண வீட்டில், கச்சேரி இடைவேளையில், ஆஸ்பத்திரி வராந்தாவில், எங்கே நாலு கார் சொந்தக்காரர்கள் கூடினாலும் ஐந்தாவது நிமிஷம் இந்த வாக்கியம் வந்துவிடும். ஒருவர் சொல்லுவார், மற்ற மூவரும் தலையை ஆட்டுவார்கள். பிறகு அவரவர் பட்ட பாட்டை வரிசையாகச் சொல்லி, மனப்பாரம் குறைந்து, பந்திக்கு எழுந்து போவார்கள்.

நானும் தலையாட்டியவன்தான். தலையாட்டியது மட்டுமா? இருபது வருஷமாக இந்த வாக்கியத்தை முன்னின்று சொல்லி வந்தவன். இப்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மெக்கானிக்குகளின்மேல் எனக்குத் திடீரென்று கருணை பிறந்துவிடவில்லை. அவர்களில் திருடர்கள் உண்டு, நாவலாசிரியர்களிலும் உண்டு. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. அந்தப் பொய்யினால் சௌகரியம் அடைகிறவர்கள் நாம். அதை நிரூபிக்க என் காரின் கதையைச் சொல்லியாக வேண்டும். அது எனக்குப் பெருமை தரும் கதை அல்ல என்பதை முன்னாலேயே தெரிவித்துவிடுகிறேன்.

என் கார் ஆட்டோமாட்டிக். அந்தஸ்துக்காக வாங்கியது அல்ல. 2009ல் ஒரு ஸ்கூட்டர் விபத்தில் என் மனைவியின் இடது முழங்கால் நொறுங்கிப் போயிற்று. டாக்டர்கள் ஒட்டிக் கொடுத்தார்கள். கால் நடக்கும், சரியாக மடங்காது. கிளட்சை மிதிக்க முடியாது. அதற்கப்புறம் ஏழு வருஷம், எங்கே போவதானாலும் அவள் யாரையாவது பார்த்து, "கொஞ்சம் கூட வர்றியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். 2016ல், நாலு வருஷம் ஓடிய ஓர் ஆட்டோமாட்டிக் கார் எங்கள் கைக்கு வந்தது. அதில் இடது காலுக்கு வேலையே கிடையாது. ஒரு நாள் தாம்பரத்தில் இருக்கும் தன் தாயாரைப் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தவள், சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஏழு வருஷத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் யாருக்கும் தாங்க்ஸ் சொல்லாம வீட்டுக்கு வந்திருக்கேன்."

ஆகவே, இந்தக் கட்டுரையில் கியர் பாக்ஸ் என்று நான் எழுதும் இடங்களில் எல்லாம் அந்த வார்த்தைகளையும் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஆட்டோமாட்டிக் கியர் பாக்ஸ் என்றால் ஏதோ மாயம் என்று நினைக்கிறவர்களுக்காகச் சில வார்த்தைகள். இரண்டு மேஜை விசிறிகளை எதிரெதிராக வையுங்கள். ஒன்றைச் சுழல விட்டால், மின்சாரம் இல்லாத மற்றதும் காற்றுப் பட்டுச் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெய். இரண்டு விசிறிகளும் ஒரே மூடிய எஃகுக் கூட்டுக்குள். நடுவே, எண்ணெயைத் திருப்பிவிட மூன்றாவது ஒரு சக்கரம். இதுதான் டார்க் கன்வெர்ட்டர். 1905ல் ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மானிய இன்ஜினீயர் கப்பல்களுக்காக இதைக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். 1939ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, கிளட்ச் மிதியே இல்லாத 'ஹைட்ராமாட்டிக்' கியர் பாக்ஸை ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் விற்பனைக்கு விட்டது. அதில் இருந்த எண்ணெய் இணைப்பு இன்ஜினின் முறுக்கு விசையைக் கடத்தியதே தவிரப் பெருக்கவில்லை. பெருக்கித் தரும் கன்வெர்ட்டரை 1948ல் ப்யூக் காரின் 'டைனாஃப்ளோ' கொண்டுவந்தது. நம் ஊரில் 2014ல் மாருதி செலேரியோவோடு பரவத் தொடங்கிய மலிவான ஆட்டோமாட்டிக் வேறு ரகம். சாதாரண கியர் பாக்ஸின் கிளட்சை, காலுக்குப் பதிலாக ஒரு யந்திரம் அதில் இயக்குகிறது. என்னுடையது பழைய அமெரிக்க வம்சம்.

கன்வெர்ட்டருக்குப் பின்னால் பல்சக்கரக் கூட்டம். நடுவே சூரியன், சுற்றிலும் கிரகங்கள், வெளியே ஒரு வளையம். இன்ஜினீயர்களே வைத்திருக்கும் பெயர்கள் இவை! இவற்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழல விடுகிறோம் என்பதைப் பொறுத்து கியர் மாறுகிறது. பிடித்து நிறுத்தும் வேலை மெல்லிய கிளட்ச் பிளேட்டுகளுடையது. அந்தப் பிளேட்டுகளை அழுத்துவது எண்ணெய். ஆகச் சக்தியைக் கடத்துவது எண்ணெய். பிளேட்டை அழுத்துவது எண்ணெய். தேய்மானத்தைக் குறைப்பதும், உஷ்ணத்தைச் சுமந்துகொண்டு வெளியே போவதும் எண்ணெய். உஷ்ணத்தைச் சுமந்த எண்ணெய் ஒரு குழாய் வழியாக ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலருக்குப் போகும். அங்கே ஆறி, இன்னொரு குழாய் வழியாகப் பெட்டிக்குத் திரும்பும். இந்த இரண்டு குழாய்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் ஒரு லட்சத்துச் சொச்சமும் அந்த வழியாகத்தான் போயிற்று.

2023 ஏப்ரலில் கியர் பாக்ஸ் செத்தது. இன்ஜின் உறுமும், கார் நகராது. எண்ணெயை எடுத்துப் பார்த்தால் கறுப்பு, தீய்ந்த வாடை. கம்பெனி ஒர்க்‌ஷாப்பில், "பெட்டியைத் திறப்பது எங்கள் வழக்கம் இல்லை, புதுசு போட வேண்டும்" என்று சொல்லி, காரின் விலைக்கு மேலாக ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார்கள். ஆகவே ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். நடத்துகிறவருக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும்; ஆட்டோமாட்டிக் வேலை தெரிந்தவர் என்று பெயர். பெட்டியை இறக்கி, பிரித்து, பிளேட்டுகள், ஆயில் சீல்கள், ஃபில்டர் எல்லாம் புதிதாகப் போட்டு, கன்வெர்ட்டரையும் அறுத்துச் சுத்தம் செய்து, மறுபடி ஏற்றிக் கொடுத்தார். ரூபாய் 1,10,000. ஜூனில் கார் வீட்டுக்கு வந்தது. மூன்று வாரம் மிக நன்றாக ஓடியது.

நாலாவது வாரம், என் மனைவி நாற்பது நிமிஷம் நெரிசலில் ஊர்ந்து வந்து, கத்திப்பாரா மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்றாள். முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. இவள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். இன்ஜின் ஊளையிட்டது, கார் பின்னால் சரிந்தது. பின்னால் ஒரு தண்ணீர் லாரி. பிரேக்கை மிதித்து நிறுத்தினாள். லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. அரை நிமிஷம் கழித்து 'டக்' என்று கியர் விழுந்து, கார் ஒரு துள்ளுத் துள்ளிப் புறப்பட்டது.

அன்றைக்கு அவள் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் என் அறை வாசலில் வந்து நின்றுகொண்டு, "அம்மாவைப் பார்க்கப் போகணும். கொஞ்சம் கூட வர்றீங்களா?" என்று கேட்டாள்.

நான் காரை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கையில் என் பிரியமான வாக்கியத்தையும் எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் தடவை, எண்ணெய் குறைவாக இருக்கலாம் என்று கொஞ்சம் ஊற்றினார்கள். ரூபாய் 1,800. இரண்டாம் தடவை ஸ்கேனர் போட்டார்கள். 'கியர் விகிதம் சரியில்லை' என்று அது தெரிவித்தது. சோலனாய்டை மாற்றினார்கள். ரூபாய் 8,500. மூன்றாம் தடவை, ஜி.பி. ரோடு கடைகளில் தேடிப் பிடித்து, வேறொரு காரிலிருந்து கழற்றிய வால்வ் பாடியைப் போட்டார்கள். ரூபாய் 22,000. நாலாம் தடவை, "மறுபடி இறக்கிப் பார்த்துடலாம் சார்" என்றார்கள்.

ஒவ்வொரு தடவையும் கார் அங்கிருந்து சாதுவாகப் புறப்படும். ஒரு வாரத்தில் ஏதாவது ஒரு மாலையில், நெரிசலில், காலை வாரிவிடும். ஒவ்வொரு தடவையும் நான் என்ன செய்தேன் தெரியுமா? "பழைய சாமானைக் காட்டு" என்று கேட்டேன். அவர்கள் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பரண்மேல் வைத்தேன். பழைய சாமானைக் கையில் வாங்கிவிட்டால், ஏமாறவில்லை என்று ஒரு நிம்மதி! அந்தச் சாமானில் பழுது இருந்ததா என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு நண்பர், அயனாவரத்தில் இருக்கும் ஒரு பெரியவரிடம் அனுப்பினார். எழுபது வயசு. ஒரு தகரக் கொட்டகை, இரண்டு பையன்கள். பெரியவர் பானெட்டைத் திறக்கவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்காரச் சொல்லிவிட்டு, கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"என்ன பண்ணுதுன்னு அப்புறம் சொல்லுங்க சார். எப்போ பண்ணுது?"

"அப்பப்போ பண்ணுது."

"அப்பப்போன்னு ஒரு நேரம் கிடையாது. காலையில முதல்ல எடுக்கும்போதா, ஓடி நின்ன பிற்பாடா?"

யோசித்துப் பார்த்தேன். காலையில் ஒரு நாளும் தகராறு செய்ததில்லை.

"அப்போ கன்வெர்ட்டர்ல இருந்து ராத்திரி எண்ணெய் இறங்கிப்போற கோளாறு இல்லை. அதுன்னா காலையில முதல் கியர் விழத்தான் லேட்டாகும். ஹைவேயில பண்ணுதா, டவுன்லயா?"

"டவுனில். நெரிசலில். அரை மணிக்கு மேல் போனால்."

"சூடான பிற்பாடு. அப்படிச் சொல்லுங்க."

நாலு தடவை நான் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருக்கிறேன். இந்த ஒரு வார்த்தையை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. "கியர் சரியில்லை, பார்" என்று மட்டும்தான் சொன்னேன்.

பெரியவர் பெட்டியில் ஒரு பிரஷர் கேஜை மாட்டினார். கார் குளிர்ந்திருக்கும்போது அழுத்தம் சரியாக இருந்தது. பிறகு என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நாற்பது நிமிஷம் சந்தும் சிக்னலுமாகச் சுற்றிவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினோம். இப்போது கேஜின் முள் நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. "பம்ப்பும் சீலும் கெட்டிருந்தா குளிர்ல இவ்வளவு நல்லா காட்டாது. எண்ணெய் சூட்டில தண்ணியாயிடுது. அதான் பிளேட்டைப் பிடிக்க மாட்டேங்குது. எண்ணெய் ஏன் இப்படிச் சூடாகுதுன்னு பார்க்கணும்" என்றார். ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு, கூலருக்குப் போகும் குழாயைத் தொட்டார், கையை இழுத்துக்கொண்டார். திரும்பி வரும் குழாயைத் தொட்டார், அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். "உள்ளே போறது கொதிக்குது, வெளியே வர்றது வெதுவெதுன்னு இருக்கு. நல்லா ஆறி வருதுன்னு சந்தோஷப்படக் கூடாது சார். கொஞ்சமா வருது, அதான் இவ்வளவு ஆறுது."

பிறகு அவர் செய்த சோதனைக்கு ஒரு தண்ணீர் பாட்டில்தான் கருவி. திரும்பி வரும் குழாயைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டார். கார் நியூட்ரலில், இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருபது வினாடி. பாட்டிலில் கால் லிட்டர்கூடச் சேரவில்லை. அடுத்தது, கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றி, இன்னொரு பாட்டிலில் அதே இருபது வினாடி. ஏறக்குறைய ஒரு லிட்டர்.

"பாருங்க சார். பெட்டி கொடுக்குது. கூலர் விட மாட்டேங்குது."

இரண்டு பாட்டில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எட்டு வயசுக் குழந்தைக்கும் புரியும். முதல் தடவை பிளேட்டுகள் எரிந்தபோது உதிர்ந்த கரித்துகள் எண்ணெயோடு போய்க் கூலரை அடைத்திருக்கிறது. பெட்டிக்குள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார்கள். வெளியே இருந்த கூலரை யாரும் தொடவில்லை. புதுப் பிளேட்டுகள், பழைய அடைப்பு! மூன்று வாரம் ஓடியதே அதிசயம்.

"கழுவிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

"உள்ளே சீப்பு மாதிரி பல் இருக்கு. மாட்டின தூசி போகாது. கூலரோட ரேடியேட்டரை மாத்திடுங்க. புது எண்ணெய் போடுங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இத்தனை நாள் சூட்டில வெந்த பிளேட்டு அது. எவ்வளவு உசுரு மிச்சம் இருக்குன்னு நான் கியாரண்டி தர மாட்டேன்."

கேட்டது போதவில்லை என்பது போல் அவரே இன்னொன்றும் கேட்டார். "முதல் தடவை எரியறதுக்கு முன்னாடி எண்ணெய் எப்போ மாத்தினீங்க?"

மாற்றவே இல்லை. 'ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை' என்று காரை விற்றவர் சொல்லியிருந்தார். நானும் நம்பினேன். யாருடைய ஆயுள் என்று கேட்கவில்லை. காரின் ஆயுளா, வாரண்டியின் ஆயுளா? பதினோரு வருஷத்து எண்ணெயோடு ஓடிய பெட்டி எரிந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

நன்றி சொல்லிவிட்டு, "எவ்வளவு?" என்று கேட்டேன். பெரியவர், "ஆயிரத்தைந்நூறு" என்றார்.

இங்கேதான் நான் வெட்கப்பட வேண்டிய இடம் வருகிறது. என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் இவை: "ஒரு சாமானும் மாத்தலையே?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. பாட்டில்களில் இருந்த எண்ணெயை ஒரு டப்பாவில் ஊற்றிக்கொண்டிருந்தார். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். என் மனைவி சிரிக்கவில்லை. "நீங்க கதைக்குப் பணம் வாங்கும்போது பேப்பர் விலையா வாங்கறீங்க?" என்று கேட்டாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் விடிந்ததும் கோபம் திரும்பிவிட்டது. அந்தப் பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போய், நடுவே மாற்றிய சாமான்களுக்காக வாங்கிய 32,300 ரூபாயைத் திருப்பிக் கேட்பது என்று கிளம்பினேன். போய், பாட்டில் கதையைச் சொல்லி, உரத்த குரலில் என் வாக்கியத்தையும் சொன்னேன். வேலை செய்துகொண்டிருந்த பையன்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த இளைஞர் கடைசி வரையில் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"சார், முதல் நாள் பெட்டியை இறக்கினப்போ நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா? 'ரெண்டு நாள் விடுங்க, ஏன் எரிஞ்சதுன்னு பார்த்துடறேன், அதுக்குத் தனியா ரெண்டாயிரம் ஆகும்'னு சொன்னேன். 'ஆராய்ச்சிக்கெல்லாம் காசு கிடையாது தம்பி, எரிஞ்சதை மாத்து'ன்னு சொன்னீங்க."

சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொன்னேன். எனக்கு ஞாபகம் இருந்தது.

வாசகர்களே, நான் ஒளிந்திருப்பதாகச் சொன்ன பொய் இதுதான். மெக்கானிக் திருடன் என்று நாம் சொல்லும்போது, நாம் நியாயமான விலை கொடுக்கத் தயாராக இருந்ததாகவும், அவன்தான் நம்மை மோசம் செய்ததாகவும் ஒரு கதை அதற்குள் இருக்கிறது. அந்தக் கதை உண்மையா? ஒர்க்‌ஷாப் பில்லை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டே இனங்கள். ஒன்று, சாமான்களின் விலை. இன்னொன்று, இறக்கி ஏற்றிய கூலி. யோசித்ததற்கு அதில் இடமே கிடையாது. ஏன் கிடையாது? அந்த இடத்தில் ஒரு தொகை எழுதியிருந்தால் நீங்களும் நானும் அடித்துவிடுவோம்! யோசனைக்குக் காசு இல்லை, சாமானுக்குத்தான் காசு என்று நாம் தீர்மானித்துவிட்டோம். அவரும் சாமான் மாற்றிப் பிழைக்கக் கற்றுக்கொண்டார். பிறகு, "சும்மா சும்மா சாமானை மாற்றுகிறான், திருடன்" என்று பந்தியில் உட்கார்ந்து பேசுகிறோம்.

மருந்து எழுதாத டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்க நமக்கு மனசு வருகிறதா? "உங்களுக்கு ஒன்றும் இல்லை, போய் வாருங்கள்" என்று ஒரு டாக்டர் சொன்னால், நல்ல சேதி கேட்ட சந்தோஷத்தைவிட, ஊசிகூடப் போடவில்லையே என்ற குறைதான் பெரிதாகத் தெரிகிறது. மெக்கானிக்கிடம் நாம் நடந்துகொள்ளும் முறையும் அந்தப் புத்தியின் பிள்ளைதான்.

எனக்கு வரக்கூடிய ஆட்சேபங்கள் தெரியும். 'காரணம் கண்டுபிடிப்பது மெக்கானிக்கின் கடமை அல்லவா? அதற்குத் தனியாகக் காசு எதற்கு?' என்று கேட்பீர்கள். பாதி நியாயம். எரிந்த பெட்டியைப் புதுப்பிக்கிறவன் கூலரைச் சோதிக்காமல் பெட்டியை ஏற்றக் கூடாது என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். அதை அந்த இளைஞர் செய்யவில்லை. நான் காசு தர மறுத்திருந்தாலும், ஒரு பாட்டிலுக்கும் இருபது வினாடிக்கும் அவரிடம் பஞ்சம் இல்லை. பிறகு, காரணம் தெரியாமலே வால்வ் பாடியை என் தலையில் கட்டியதும் தவறு. இதை அவரிடம் சொன்னேன், அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் நாலு ஒர்க்‌ஷாப்பில் விலை விசாரித்து, எவன் குறைத்துச் சொல்லுகிறானோ அவனிடம் காரை விடுகிறவர்கள் நாம். விலையைக் குறைக்க வேண்டியவன் எதைக் குறைப்பான்? பிளேட்டைக் குறைக்க முடியாது, எண்ணெயைக் குறைக்க முடியாது. யோசிக்கும் நேரத்தைத்தான் குறைப்பான்.

'ஸ்கேனர் வந்துவிட்டதே, அது காரணத்தைச் சொல்லிவிடாதா?' என்பது இன்னொரு ஆட்சேபம். ஸ்கேனர் நல்ல கருவி. அதை நான் பழிக்கவில்லை. ஆனால் 'கியர் விகிதம் சரியில்லை' என்று அது சொன்னால், பிளேட் வழுக்குகிறது என்று அர்த்தம். அது எனக்கே தெரியும். கத்திப்பாரா ஏற்றத்தில் என் மனைவிக்கு என்னைவிட முன்னாலேயே தெரியும். என்ன நடக்கிறது என்பதைக் கருவி சொல்லும்; ஏன் நடக்கிறது என்பதை மனிதன்தான் கேட்க வேண்டும். என் நாவலில் ஒரு பாத்திரம் திடீரென்று செத்தால், 'ஏன் செத்தான்?' என்று எத்தனை கடிதம் எழுதுகிறீர்கள்! லட்ச ரூபாய்க் கியர் பாக்ஸ் செத்தால் மட்டும், 'மாற்று' என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறதே!

'காரணம் கண்டுபிடிப்பதாகச் சொல்லிக் காசை வாங்கிவிட்டு, ஒன்றும் கண்டுபிடிக்காமல் விட்டால்?' என்பது மூன்றாவது. அப்படியும் நடக்கலாம். நடந்தால் ஆயிரத்தைந்நூறோ இரண்டாயிரமோ போகும். அதைக் கொடுக்க மறுத்த எனக்கு என்ன போயிற்று என்ற கணக்கை மேலே கொடுத்திருக்கிறேன். தவிர, காரணத்துக்கு ஒரு குணம் உண்டு. அதைக் கண்ணுக்கு முன்னால் நிரூபிக்கலாம். வால்வ் பாடி கெட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இரண்டு பாட்டில்களில் எதில் எண்ணெய் அதிகம் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே, புதுப்பித்த ஆட்டோமாட்டிக் கியர் பாக்ஸை வாங்கப் போகும் எவருக்கும் என் யோசனை இது. பழைய சாமானைக் கேட்பதற்கு முன்னால் நாலு கேள்விகளைக் கேளுங்கள். முதல் பெட்டி ஏன் செத்தது? கூலரை மாற்றினீர்களா, இல்லையென்றால் திரும்பி வரும் எண்ணெயைப் பிடித்து அளந்தீர்களா? கன்வெர்ட்டரை அறுத்துக் கழுவினீர்களா, பழைய கரியோடு அப்படியே மாட்டினீர்களா? எண்ணெய் அந்தப் பெட்டிக்கு உரியதுதானா. அதன் மட்டத்தை, கம்பெனி சொன்ன சூட்டில், சொன்ன முறையில் பார்த்தீர்களா? கம்ப்யூட்டர் உள்ள கார் என்றால் கூடவே ஒன்று: தேய்ந்த பழைய பிளேட்டுகளுக்கு ஏற்ற அழுத்தங்களை அது கற்று வைத்திருக்கும். அந்த நினைவை அழித்துப் புதுப் பெட்டியைக் கற்கவிட்டார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் புதுப் பெட்டியும் முட்டி முட்டித்தான் கியர் மாற்றும்.

கேட்டுவிட்டு, கேள்விகளுக்குப் பதில் தேட ஆகும் நேரத்துக்கும் காசு கொடுங்கள். கொடுக்காமல் கேட்பதற்குப் பெயர் அதிகாரம். கொடுத்துவிட்டுக் கேட்பதற்குப் பெயர்தான் உரிமை.

ரேடியேட்டரை அந்த இளைஞரிடமே மாற்றினேன். வால்வ் பாடிக்கு வாங்கிய பணத்தில் பாதியை அவர் கழித்துக்கொண்டார். மீதிப் பாதியை நான் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் அவரே ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து, இருபது வினாடி எண்ணெய் பிடித்து என் கண் முன்னால் காட்டினார். பில் எழுதும்போது, "ஆயில் ஓட்டம் சோதித்த கூலி என்று ஒரு வரி போடுங்கள்" என்று சொன்னேன். என்ன தொகை எழுதுவது என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். அந்தத் தொழிலில் பதினைந்து வருஷமாக இருக்கிறவருக்கு, தன் யோசனைக்கு என்ன விலை என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. கடைசியில் முந்நூறு என்று எழுதினார். நான் அதை அடித்து ஐந்நூறாக்கினேன்.

அந்தப் பெட்டிக்கு இன்னும் எத்தனை நாள் உயிர் என்று எனக்குத் தெரியாது. பெரியவர் கியாரண்டி கொடுக்கவில்லை. இதுவரையில் ஓடுகிறது. போன வாரம் என் மனைவி தாம்பரத்துக்குப் புறப்பட்டபோது நானாகவே, "கூட வரட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றாள், சாவியை எடுத்துக்கொண்டே.